அது எந்த ஓகே?

“ஓகே” என்று சொல்லிவிட்டு மாமா கை கழுவ எழுந்து போய்விட்டார். சின்னவன் பாதிச் சாப்பாட்டில் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவன் கேட்டது லேசுப்பட்ட கேள்வி இல்லை. ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்து, தொண்டை வரைக்கும் வந்ததைத் திரும்பத் திரும்ப மென்று விழுங்கி, கடைசியில் வருவது வரட்டும் என்று சாப்பாட்டுக்கு நடுவில் போட்டு உடைத்திருந்தான். “மாமா, அந்தப் பெரிய கம்பெனில எனக்கு வேலை தர்றேங்கறாங்க. திங்கக்கிழமையே வரச் சொல்றாங்க. போகட்டுமா?”

அதற்குத்தான் அந்த ஓகே.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சம்மதம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக மீதிச் சாப்பாட்டை முடித்திருக்கலாம். சொன்னவர் மாமா ஆயிற்றே. ஊர் உலகமெல்லாம் ஓகே என்ற சொல்லைச் சில்லறை மாதிரி போகிற போக்கில் வீசிக்கொண்டிருக்க, இந்த மனுஷர் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தொழிலையே நடத்தி வந்தார்.

தொழில் வேறொன்றுமில்லை, வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தூக்கி ஏற்றி இறக்குவது. ஒரு வேன், சாமானைத் தோளில் மாட்டித் தூக்க அகலமான பட்டைகள் கொஞ்சம், கண்ணாடிக்குச் சுற்ற பழைய போர்வைகள், ஆள் இரண்டு. மாமா அக்காவின் புருஷன். அக்காவுக்குக் கல்யாணம் ஆன மறுமாதமே அவருடைய வண்டியில் ஏறியவன் சின்னவன். அவனுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் இந்த வீட்டில் அவன் சின்னவன்தான், கிழவனாகி உட்கார்ந்தாலும் சின்னவன்தான்.

மாடிப்படியில் பெரிய சாமானை ஏற்றும்போது ஒருவர் மேல் ஆள், ஒருவர் கீழ் ஆள். மேல் ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே படியேறுவார். கீழ் ஆளுக்குப் பாரம் முழுவதும். அவன் மூக்குக்கு முன்னால் ஒரு பீரோவின் அடிப்பலகையோ கட்டிலின் தலைமாடோ இருக்கும். அதைத் தவிர இந்த உலகத்தில் அவன் எதையும் பார்க்க முடியாது. மேல் ஆளின் குரல்தான் அவனுக்குக் கண். மாமா மேல் ஆள், சின்னவன் கீழ் ஆள், ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான்.

வேலை நடக்கும்போது மேல் ஆள் பேசுகிற ஒரே சொல் ஓகே. கீழ் ஆள் பேசுகிற ஒரே சொல் ம். இது மாமா போட்ட சட்டம். “மூச்சைப் பிடிச்சுத் தூக்கறப்போ கதை சொல்லிட்டிருந்தா பிடிக்கறதுக்கு மூச்சு எங்கடா இருக்கும்?” என்பது அவர் கட்சி. கீழ் ஆள் ஒருநாளும் ஓகே சொல்லக் கூடாது. ஒரே படியில் இரண்டு பேர் உத்தரவு போட்டால் சாமான் சுவரைத் தேடிப் போகும்.

அந்த ஒரு ஓகேக்குள் எத்தனை ஓகே! இழுத்து “ஓஓகே” என்றால் மெல்லத் தூக்கு. இரட்டையாக “ஓகே ஓகே” என்றால் ஒரு படி ஏறு. கடைசியில் குரல் ஏறினால் இடப்பக்கம் சாய், இறங்கினால் வலப்பக்கம். பெருமூச்சோடு வந்தால் இறக்கி வை, தண்ணீர் குடிக்கலாம். மூக்கால் வந்தால் வீட்டுக்காரர்களின் பூனை காலுக்கடியில் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். கத்தி வைத்து நறுக்கியது போல “ஓகே!” என்று வந்தால் நில், மூச்சுகூட விடாதே, கல்லாகிப் போ. வெறும் “ஓ” மட்டும் வந்து பின்பாதி வரவில்லையென்றால் மாமாவின் விரல் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதனால் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. வேலையைத் தொடங்குமுன் மாமா வீட்டுக்காரர்களை வரிசையாக நிற்க வைத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வார். “வேலை முடியற வரைக்கும் இந்த வீட்ல யாரும் ஓகே சொல்லக் கூடாதுங்க. சரின்னு சொல்லுங்க, ஆகட்டும்னு சொல்லுங்க, சும்மா தலையை ஆட்டுங்க. அந்த வார்த்தையை மட்டும் எங்களுக்கு விட்டுடுங்க.” இவர் வீட்டில் யாரோ வைத்த செய்வினையை எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பயந்தவர்களும் உண்டு. என்ன செய்வது? ஒரு வீட்டில் ஒரு மாமியார்க்காரி ஃபோனில் நறுக்கென்று “ஓகே!” என்று வைக்க, கீழே சின்னவன் ஃபிரிட்ஜோடு கல்லாகி நின்றான், மேலே மாமா இழுத்துக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் முழங்கால் மட்டும் அன்றிலிருந்து படியேறும்போதெல்லாம் கதவு மாதிரி கிறீச்சிடுகிறது. கேட்டால் அது செருப்பின் சத்தம் என்று சாதிப்பார்.

ஆக, மாமாவின் ஓகேயில் சின்னவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். சாப்பாட்டில் சொன்ன ஓகே அந்தக் கணக்கில் சேரவில்லை. இழுவை இல்லை, வெட்டு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. அமைதியாக, எங்கோ அடிவயிற்றிலிருந்து வந்தது. போ என்கிறாரா, போய்த்தான் பாரேன் என்கிறாரா, இத்தனை வருஷம் கூட வைத்திருந்ததற்கு நல்ல மரியாதை செய்தாய் என்கிறாரா? ஒன்றும் பிடிபடவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டுட்டேன்க்கா.”

“என்ன சொன்னாரு?”

“ஓகேன்னாரு.”

அக்காவின் கை நின்றது. “எந்த ஓகே?”

“அதான் தெரியல.”

“என்னடா தெரியல? எப்படிச் சொன்னாரு, சொல்லிக் காட்டு.”

சின்னவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிப் பார்த்தான். அக்கா தலையை ஆட்டினாள். “இது நான் புதுத் துணி கட்டிட்டு வந்து எப்படியிருக்குன்னு கேட்டா சொல்ற ஓகே. நிமிர்ந்தே பார்க்காம சொல்லுவாரு. அதுவா?”

“இல்லக்கா. நிமிர்ந்து பார்த்தாரு.”

“பார்த்தாரா?” அக்காவுக்கே கொஞ்சம் பொறாமை வந்துவிட்டது. “அப்போ, ‘ஓ...கே’ன்னு நடுவுல ஒரு குழி விழுந்துச்சா? அது சாப்பாட்ல உப்பு இல்லன்னு அர்த்தம்.”

“குழியெல்லாம் இல்ல. இன்னும் கனமா...” சின்னவன் மாமாவைப் போலவே தோளை விரித்து, தாடையை உள்ளே இழுத்து, “ஓகே” என்றான்.

“இவ்வளவு கனமாவா? நம்ம வீட்ல யார் போனப்பவும் இப்படிச் சொன்னதில்லையே.” அக்காவும் கரண்டி பிடித்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, தாடையை உள்ளே இழுத்து, “ஓகே” என்று சொல்லிப் பார்த்தாள். சின்னவன் திருத்தினான். அவள் மறுபடி சொன்னாள். இருவரும் மாறி மாறி மாமாவாக நடித்து, நாலாவது ஓகேயில் சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டே திரும்பினால் அடுப்படி வாசலில் தோளில் துண்டோடு மாமா நின்றுகொண்டிருந்தார்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்களுக்கு முகத்தில் அசடு வழிந்தது. அக்கா பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள், அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

“நல்லாயிருக்கு. அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை வெச்சு நாடகம் போடுங்க” என்றார் மாமா. “டிக்கெட் போட்டு விக்கலாம்.”

“ஐயோ, அப்படியில்ல மாமா...”

“ஓகே” என்றார் மாமா. அதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா குரலைத் தாழ்த்தினாள். “நீ பாதிதானேடா கேட்டிருக்கே? மீதியையும் கேட்டிருக்கலாமில்ல?”

அந்த மீதிதான் சின்னவனின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கம்பெனியில் சாமானை ஆள் தூக்குவதில்லை. வெளியே ஏணி மாதிரி ஒரு மெஷினைச் சாத்தி, ஜன்னல் வழியாக ஏற்றிவிடுகிறார்கள். இடுப்பு விட்டுப்போகுமுன் வேறு வேலை பார் என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு, சின்னவனுக்கு அந்த மெஷின் மேல் ஆசை வந்ததில் தப்பில்லை. அங்கே இருந்த மேனேஜர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: மேலே ஜன்னலில் நின்று, கீழே இருப்பவனுக்குப் பார்த்துச் சொல்ல விவரமான ஆள் இல்லாமல் திண்டாடுகிறோம், தெரிந்தவர் யாராவது இருந்தால் அழைத்து வா. அதைக் கேட்ட அந்த நிமிஷமே சின்னவனின் கண்ணில் மாமாதான் அந்த ஜன்னலில் நின்றார்.

ஆனால் மாமாவிடம் யார் கேட்பது? அந்தக் கம்பெனி வண்டி எதிரே வந்தாலே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். “தூக்கத் தெரியாதவன்தான் மெஷின் வாங்குவான்” என்பார். அங்கே மேல் ஆள் விசில் ஊதுவாராம். விசில்! அதைச் சொல்லிச் சொல்லியே மாமா ஒரு வருஷம் சிரித்திருக்கிறார்.

“நீயே கேளேன்க்கா.”

“நானா? நான் நிம்மதியா இருக்கறது உனக்குப் பிடிக்கலையா?” என்றாள் அக்கா. பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “தினமும் முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சு விடறேன்டா. வலிக்குதான்னு கேட்டா அதுக்கும் ஓகேதான்” என்றாள்.

மறுநாளிலிருந்து மாமா சின்னவனோடு பேசவில்லை. வேலை நின்றுவிடக் கூடாதே, அதனால் ஓகே மட்டும் சொன்னார். அது பேச்சில் சேராது என்பது அவர் கணக்கு. அதிலும் ஒரு பழிவாங்கல் வைத்திருந்தார். எல்லா ஓகேயையும் ஒரே மாதிரி சொன்னார். தூக்குவதற்கும் அதே, நிறுத்துவதற்கும் அதே, இடத்துக்கும் வலத்துக்கும் அதே. சப்பென்று, பத்தியச் சாப்பாடு மாதிரி ஒரு ஓகே. நடித்தா காட்டுகிறீர்கள், இப்போது எதை வைத்து நடிப்பீர்கள் பார்க்கலாம் என்பது போல.

கீழே நிற்பவனுக்கு அது விளக்கை அணைத்துவிட்டுப் படியேறச் சொன்னது மாதிரி இருந்தது. முதல் நாள் சோபா, நாற்காலி, அட்டைப்பெட்டி என்று சின்னச் சாமான்களாக இருந்ததால் எப்படியோ சமாளித்தான். ஒரு மேஜை மட்டும் கதவு நிலையில் முட்டிக்கொண்டது. மாமா அதைப் பார்த்துவிட்டு மேகத்தைப் பார்ப்பது போல மேலே பார்த்தார். வாயைத் திறந்து “தப்பு என்னுதுதான்” என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? குறைந்துவிடும் போல, சொல்லவில்லை.

சனிக்கிழமை பல் டாக்டர் வீடு. திங்கட்கிழமைக்கு முன் கடைசி வேலை.

பல் டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் வாய்க்கு வாய் ஓகே போடுகிற ஜாதி. கதவைத் திறந்ததுமே, “வந்துட்டீங்களா, ஓகே, எல்லாம் கட்டி வெச்சாச்சு, ஓகே, அந்தப் பீரோ மட்டும்தான் பெரிசு, ஓகேவா?” என்றார். மாமாவின் நெற்றி சுருங்கியது. கும்பிட்டபடி சட்டத்தைச் சொன்னார்.

“ஒரு தடவைகூடச் சொல்லக் கூடாதா?” என்றார் டாக்டர், மிட்டாய் பிடுங்கப்பட்ட குழந்தையாக.

“சொன்னா பீரோ உங்க மேல வரலாம், எங்க மேல வரலாம். அது பீரோவோட இஷ்டம்.”

“ஓ...” என்று ஆரம்பித்த டாக்டர் சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். எத்தனையோ பேரின் வாயைத் திறக்க வைத்தவர் தன் வாயை மூடப் பட்ட பாட்டைப் பார்க்க, சின்னவனுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

பீரோவைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. தேக்கு மரம், பிரிக்க முடியாத பழைய வேலை, கதவை மட்டும் கழற்றலாம். பழைய வீட்டில் தரைத்தளம்தான், எப்படியோ வேனில் ஏற்றிப் புது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். புது வீட்டின் மாடிப்படியோ குறுகலானது. பாதியில் ஒரு திருப்பம், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இரும்புக் கைப்பிடி, தலைக்கு மேல் சாய்ந்து இறங்கும் கூரை. இந்த மாதிரி வேலைக்கு முன்னால் மாமாவும் அவனும் படியில் உட்கார்ந்து, எங்கே சாய்ப்பது, எங்கே திருப்புவது என்று பேசி வைத்துக்கொள்வார்கள். இன்று மாமா பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் மேலே நின்றுகொண்டார். டாக்டர் மாடி வாசலில் அவருக்குப் பின்னால், வாயைப் பொத்தியபடி.

“ஓகே” என்றார் மாமா, சப்பென்று. தொடக்கம் என்பதால் அது தூக்கு என்று சின்னவனுக்குத் தெரிந்தது. “ம்” என்றான். அடுத்த ஓகே படி ஏறு என்று ஊகித்தான். அதற்கடுத்ததும் அதுவே. தேக்குப் பலகை அவன் மூக்கை உரசிக்கொண்டு மேலே போனது. மாமாவின் முழங்கால் கிறீச்சிடும் சத்தம் ஒன்றுதான் அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று காட்டிக்கொடுத்தது. வாயால் பேசாத மனுஷரின் முழங்காலாவது பேசியதே என்று நினைத்துக்கொண்டான்.

திருப்பத்துக்கு வந்தார்கள். சின்னவன் மூலையில் நின்றான், முதுகுக்குப் பின்னால் சுவர்.

“ஓகே.”

அது நில். மேலே பீரோவின் நுனி கூரைக்கு ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தது; வேறு நாளாக இருந்தால் நறுக்கென்று வெட்டி வந்திருக்கும். சின்னவனின் காதுக்கு அது மற்றதைப் போலவே இருந்தது. அவன் தூக்கினான்.

டமார் என்று நுனி கூரையில் இடித்தது, சுண்ணாம்பு உதிர்ந்தது, இடித்த வேகத்தில் பீரோ பின்வாங்கி அவன் மேலேயே சாய்ந்தது. மூலைச் சுவருக்கும் தேக்குப் பலகைக்கும் நடுவில் சின்னவன் சிக்கிக்கொண்டான். பாரம் நெஞ்சில் உட்கார்ந்தது. ஒரு கை மட்டும்தான் அசைந்தது. கத்தலாம் என்றால் கத்துவதற்கு மூச்சு இல்லை. அவனுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே எழுத்து ம். அதையே உயிர் போகிற மாதிரி, “ம்ம்ம்ம்” என்றான்.

“என்ன ஆச்சு? ஓக்...” என்று மேலே டாக்டரின் குரல் வந்து பாதியில் அடைபட்டது.

அக்காவின் முகம் கண்ணில் வந்தது. திங்கட்கிழமை என்று ஒன்று வருமா என்றே சந்தேகமாக இருந்தது.

அப்போது மேலே முழங்கால் கிறீச்சிட்டது. பட்டை இறுகும் சத்தம் கேட்டது. நெஞ்சில் இருந்த பாரம் ஒரு மயிரிழை நகர்ந்தது, பிறகு இன்னொரு மயிரிழை, பிறகு மூச்சு விடுகிற அளவுக்கு. கூடவே மாமாவின் குரல்.

“ஓகே.”

இழுவை இல்லை, வெட்டு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. அமைதியாக, அடிவயிற்றிலிருந்து வந்தது. சின்னவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டில் கேட்டானே, அதே ஓகே! அடுப்படியில் அக்காவும் அவனும் எவ்வளவு முயன்றும் பிடிபடாத அதே ஓகே. அதற்கு இப்போது ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும்: பாரத்தை நான் பிடிச்சுக்கிறேன், நீ வெளியே போ.

உடம்பை ஒருக்களித்து, கைப்பிடிக்கு அடியில் நுழைந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்து கீழ்ப்படியில் விழுந்தான். எழுந்து நின்றான். கை காலியாக இருந்தது. படியில் அவன் கை காலியாக நின்றது இதுதான் முதல் தடவை.

நிமிர்ந்து பார்த்தான். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் மாமா தெரிந்தார். இத்தனை வருஷத்தில் ஓகே சொல்கிறபோது அவர் முகம் எப்படியிருக்கும் என்று சின்னவன் பார்த்ததே இல்லை. எப்போதும் நடுவில் ஒரு மரம் இருந்தது. முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முழங்கால் இரண்டும் காற்றடித்த துணி போல நடுங்கின. அந்தப் பீரோவை இன்னும் கொஞ்ச நேரம் அவரால் பிடித்திருக்க முடியாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்த முகத்திலிருந்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத அமைதியோடு, மறுபடியும் ஒரு குரல் வந்தது. “ஓகே.”

பொய்! பச்சைப் பொய்!

சின்னவனுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்டால் இரண்டும் சேர்ந்தே வந்தது. இடுப்பாவது ஒன்றாவது என்று பாய்ந்து, பீரோவின் அடியில் தோளைக் கொடுத்து, பாரத்தை வாங்கிக்கொண்டு, “ம்!” என்றான்.

பிறகு, “ஓஓகே...” என்று வந்தது. இழுத்து, உப்பு உறைப்போடு, பழைய ஓகே. அதைத் தொடர்ந்து குரல் கடைசியில் ஏறியது, பீரோ இடப்பக்கம் சாய்ந்தது. இரட்டையாக வந்தது, ஒரு படி ஏறியது. சின்னவனுக்குக் கண் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. பீரோ வெண்ணெய் மாதிரி திரும்பி மாடிக்குப் போய், அறைக்குள் நுழைந்து, பெருமூச்சோடு வந்த ஓகேயில் தரையில் இறங்கியது.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் இன்னமும் வாயைப் பொத்தி நின்றவரைப் பார்த்தார். “இப்ப சொல்லலாம் சார்.”

“ஓகே!” என்றார் டாக்டர். “அப்பா! ஓகே, ஓகே, ஓகே!” அடக்கி வைத்ததை எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு, “ஆமா, உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே, ஓகேதானே?” என்றார்.

இருவரும் தலையை ஆட்டினார்கள். உதிர்ந்த சுண்ணாம்பைக் கூட்டி அள்ளிவிட்டு இறங்கினார்கள்.

வேனை மாமாதான் ஓட்டினார். தெரு இரண்டு தாண்டியது. பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “திங்கக்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்?” என்றார். பேச்சு விட்ட பிறகு அவனிடம் பேசிய முதல் வாக்கியம்.

“எட்டு மணிக்கு.”

“ஓகே.”

மறுபடியும் அதே. அடிவயிற்றிலிருந்து. சின்னவனால் பொறுக்க முடியவில்லை.

“ஓகே!” என்று கத்தி வைத்து நறுக்கியது போல வெட்டினான்.

கீழ் ஆள் சொல்லக் கூடாத சொல்தான். ஆனால் அது யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று மாமாவின் கால் விசாரிக்கவில்லை. பிரேக்கில் போய் உட்கார்ந்தது. வண்டி நடுத்தெருவில் கல்லாகி நின்றது. பின்னால் ஒருவர் ஹாரனை அடிக்க ஆரம்பித்தார், அவரைப் பார்த்து இன்னொருவர்.

“என்னடா? பூனையா?” என்றார் மாமா பதறிப்போய்.

“மாமா, அந்தப் பீரோவை உங்களால தனியா பிடிச்சிருக்க முடியுமா?”

மாமா ஸ்டியரிங்கைப் பார்த்தார். “முடியாது.”

“அப்புறம் எதுக்கு ஓகேன்னீங்க?”

“முடியாதுன்னு சொன்னா நீ வெளியே வந்திருப்பியா?”

சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அன்னிக்குச் சாப்பிடறப்போ சொன்னதும் அதானே?”

“உன் இடுப்பு போயிட்டா உங்க அக்காவுக்கு நானில்ல பதில் சொல்லணும்” என்றார் மாமா. பிறகு, “நீ போனப்புறம் கீழ யாரை நிறுத்தறதுன்னு யோசிச்சுப் பார்த்தேன்டா. ஒருத்தன் முகமும் வரல” என்றார். அவர் குரல் உடைந்ததைச் சின்னவன் முதல் தடவையாகக் கேட்டான்.

யாரோ ஒருவர் பைக்கில் வந்து ஜன்னலைத் தட்டி, “என்ன சார், வண்டி ஓகேவா?” என்றார். மாமா அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“மாமா, கம்பெனில மேல நிக்க ஆள் இல்லையாம். ஜன்னல்ல நின்னு கீழ இருக்கறவனுக்குப் பார்த்துச் சொல்லணும். தூக்க வேண்டாம், படியேற வேண்டாம், லிஃப்ட்ல போகலாம். நீங்க மேல நின்னா நான் கீழ நிப்பேன். வேற எவனையோ நம்பி என்னால தலையைக் குடுக்க முடியாது.”

“நானா? அந்த மெஷின் கம்பெனிக்கா?”

“ஆமா.”

“விசில் ஊதச் சொல்லுவானுங்கடா!”

“விசிலை வாங்கிச் சட்டைப்பையில போட்டுக்குங்க. எனக்கு எது கேட்கணும்னு எனக்குத் தெரியும்.”

மாமா வெளியே பார்த்தார். ஹாரன் இப்போது நாலைந்து சேர்ந்து கச்சேரியாகிவிட்டது. ஒருவர் இறங்கி வந்து மாமாவின் பரம்பரையையே விசாரித்தார். மாமா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. முழங்காலை ஒரு கையால் தடவிக்கொண்டார். தாடையை உள்ளே இழுத்தார், வெளியே விட்டார். விசிலை நினைத்தாரோ என்னவோ, உதடு ஒரு தடவை கோணியது. என்ன சொல்லப்போகிறார் என்று சின்னவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த மரமும் நடுவில் இல்லை.

“எட்டு மணிக்கு ரெண்டு பேரும் போறோம். ஓகே?” என்றான்.

மாமா கியரைப் போட்டார். வண்டி மெல்ல நகர்ந்தது.

“ம்” என்றார்.